கோல் கம்பத்தில் கேப்டன்

விமானம் விழுந்து ஐந்து நிமிடமாகியும் கேப்டன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு வருடமாக முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டுகிற மனிதர்.

விழுந்தது நாலடி விமானம். மாமனார் வீட்டு விமானம். கல்யாணமான பிறகு முதல் தடவையாகத் தங்க வந்தவர், மாமனார் தன் மகளோடு கடைக்குப் போயிருக்க, மாமியார் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து அலமாரியிலிருந்து அதை இறக்கி, எதிரே இருந்த கால்பந்து மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். சும்மா ஒரு சுற்று என்றுதான் ஆசை.

ஒரு கையால் விமானத்தை எறிந்து, மறு கையில் ரிமோட்டைப் பிடித்து, அதை மேலே ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு ஆள் செய்கிற வேலையே இல்லை. எப்படியோ ஏறியது. திரும்பி அவரை நோக்கி வந்தபோதுதான் வினை. எதிரே வருகிற விமானத்துக்கு எது வலதோ அது கீழே நிற்பவருக்கு இடது. காக்பிட்டுக்குள் உட்கார்ந்தே பழகியவர் அதை மறந்து ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ள, விமானம் இடப்பக்கம் பாய்ந்து கோல் கம்பத்தில் மோதியது.

"நம்ம மாப்பிள்ளை கேப்டன்" என்று மாமனார் அந்தத் தெருவில் சொல்லாத வீடில்லை. கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது, போன வருடம் ரிமோட் விமானப் போட்டியில் கோப்பை ஜெயித்த அன்று எடுத்தது. ஆறடி மாமனார் விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்க, தோளுயர மாமியார் பக்கத்தில் ரிமோட்டோடு நிற்பார். இந்த வருடப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. இன்று வெள்ளி.

சட்டையைக் கழற்றி அதில் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு, பனியனோடு பின்வாசல் வழியாக நுழைந்தால் எதிரே மாமியார்.

"என்ன மாப்பிள்ளை, சட்டை எங்க?"

கேப்டனுக்குப் பொய் வராது. சட்டையை விரித்துக் காட்டினார். மாமியார் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"எங்க இடிச்சீங்க?"

"கோல் கம்பத்துல."

"ஓரடி தள்ளியிருந்தா கோலாவது ஆயிருக்கும்."

"அத்தை, கையெடுத்துக் கும்பிடறேன். மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. என் மானமே போயிடும்."

மாமியார் அவரையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லல. உள்ள வாங்க. அவங்க வர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

பின்னறையில் வேலை மேஜை. நாற்காலியில் உட்கார்ந்ததும் கேப்டனின் முழங்கால் மேஜையில் இடித்தது. "மாமா இதுல எப்படித்தான் உக்கார்றாரோ!" என்றார்.

"அவர் அதிகம் உக்கார மாட்டார்."

இறக்கை நடுவில் ஒடிந்திருந்தது, வாலருகே ஒரு விரிசல். கேப்டன் பசையைப் பிதுக்கப் போனார்.

"முதல்ல பசை இல்லாம பொருத்திப் பாருங்க மாப்பிள்ளை. கோணலா ஒட்டிட்டா அப்புறம் பிரிக்க முடியாது."

மாமா புலம்புவதைக் கேட்டுக் கேட்டே பாவம் இவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறார் என்று கேப்டன் நெகிழ்ந்துபோனார். அவர் ஒட்டினார், மாமியார் பிடித்துக்கொண்டார். பசை இறுகும்வரை மாமியார் பிடியைத் தளர்த்தவில்லை.

இறக்கைக்கு அடியில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தன. அங்கே இரண்டு விரல்களை வைத்துத் தூக்கினால் விமானம் சாயாமல் நிற்க வேண்டும். தூக்கினார். வால் தொப்பென்று தொங்கியது.

"இதுக்குப் பேரு ஈர்ப்பு மையம் அத்தை. பெரிய விமானம், சின்ன விமானம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். வால் கனத்தா பறக்காது. உங்களுக்கு ஒருநாள் பொறுமையா சொல்லித் தரேன்."

"சரி, கேட்டுக்கறேன். மூக்குக்குள்ள ஒரு ஈயத்துண்டு இருக்கணுமே, மைதானத்துலயே விழுந்துடுச்சா?"

கேப்டன் பனியனோடு மறுபடியும் ஓடினார். கோல் கம்பத்தடியில் மண்டியிட்டு, புல்லை விரலால் விலக்கி விலக்கித் தேடினார். அந்தப் பக்கமாக நடந்து போன ஒருவர், "என்ன சார், சாவியா?" என்றார். "மூக்கு" என்றார் கேப்டன். கேட்டவர் நடையை எட்டிப் போட்டார்.

துண்டு கிடைத்தது. மூக்குக்குள் வைத்து ஒட்டி, இரண்டு விரலில் தூக்கினார். விமானம் ஆடாமல் அசையாமல் நின்றது. கேப்டனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மாமியார் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாலிலிருந்து மூக்குவரை பார்த்தார். "ஞாயித்துக்கிழமை பறந்துடும்."

"மாமா கை பட்டா பறக்காம எங்க போகும்!"

"அவர் கையும் வேணும்தான்" என்று சிரித்துவிட்டு மாமியார் தேநீர் போடப் போனார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் சத்தம். கேப்டன் விரலில் நின்ற விமானத்தைக் கீழே வைப்பதற்குள் மாமனார் அறை வாசலில் நின்றார். கையிலிருந்த பை நழுவி விழுந்தது.

"மாமா, அது வந்து..." என்று இழுத்தார் கேப்டன்.

மாமனார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார். பிறகு கிசுகிசுத்தார்.

"மெதுவா கீழ வைங்க மாப்பிள்ளை! எறிஞ்சு விடறதுக்குத் தவிர, அத்தை அதை என்னையே தொட விடமாட்டா!"