பானை சுரண்டிய சத்தம்

றெமிஜியஸ் எமில்டா அண்ணியைக் கடைசியாக உயிரோடு கண்டபோது, அவர் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, புரட்டாதி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அஜின்கோர்ட்டில் அண்ணை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சில்வர் பானையில் அலுமினிய அகப்பை உராய்கிற அந்தச் சத்தம் பத்து வருசமாக அவன் பல்லைக் கூசவைக்கிற சத்தம்.

கனடாவுக்கு வந்த புதிதில் அவன் இதே வீட்டின் பேஸ்மென்றில்தான் இருந்தான். கூடவே வேலை தேடித் திரிந்த நாலைந்து சிநேகிதர். மத்தியானமானால் அவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே வருவான். அவர்களை இருத்தித் தானே பரிமாறுவான், தான் கடைசியில் சாப்பிடலாம் என்று. அவன் இரண்டாந்தரம் போடப் போகும்போது குசினிக்குள் அகப்பை சுரண்டத் தொடங்கும். சிநேகிதர் விளங்கிக்கொண்டு கை கழுவிவிடுவார்கள்.

ஒருநாள் அவர்கள் போனபின் பானைக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு ஆள் சாப்பிடுகிற கோப்பைக்குக் காணுமான சோறு கிடந்தது.

அன்றைக்கு வந்த கசப்புப் போகவேயில்லை. அண்ணைக்காகப் பேசாமல் இருந்தான். பின்னேரம் வேலையால் வந்ததும், "என்ரை பங்கு கிடக்குது, நீ தின்னடா" என்று மூடிவைத்த சோற்றுக் கோப்பையை நீட்டுகிற அண்ணை.

இப்போது றெமிஜியஸுக்குச் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை. பிறம்ரனில் இரண்டாவது கடை திறக்கப்போகிறான். மாமன் மகனுக்கு, மனைவியின் தமையனுக்கு, பழைய சிநேகிதர்களுக்கு என்று எல்லோருக்கும் ஒவ்வொரு பொறுப்புக் கொடுத்தாயிற்று. அண்ணையின் ஒரே மகன் சீமோனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. வேலை கிடைக்காவிட்டால் அவன் தூரத்து அல்பேட்டாவுக்குப் போய்விடுவான் என்று சொல்லி அண்ணை போனில் வேலை கேட்டிருந்தார்.

இல்லை என்று சொல்லத்தான் றெமிஜியஸ் வந்திருந்தான். நேரே சொல்ல வாய் வரவில்லை. கதையாகச் சொன்னான்.

பக்கத்துக் கடைச் சீனர் லாவ் சொன்ன கதை. இரண்டாயிரத்து இருநூறு வருசத்துக்கு முன்னம் லியூ பாங் என்று ஒருவர். வயல் செய்கிற கமக்காரன் மகன், வேலை வெட்டி பிடிக்காத ஆள். கூட்டிப்போன கைதிகளை அவிழ்த்துவிட்டுக் காட்டுக்குள் ஓடினவர், பிறகு சண்டை பிடித்து, ஹான் வம்சத்தைத் தொடக்கிச் சக்கரவர்த்தியாகவே ஆகிவிட்டார். அவர் இளந்தாரியாக இருக்கையில் சிநேகிதரோடு அண்ணி வீட்டுக்குச் சாப்பிடப் போவாராம். அண்ணி கூழ் முடிந்த மாதிரிப் பானையைச் சுரண்டுவாவாம். அவர்கள் போனபின் எட்டிப் பார்த்தால் உள்ளே கூழ் இருக்குமாம். ராசாவானதும் இனசனம் எல்லாருக்கும் பட்டம் கொடுத்தவர், அந்த அண்ணியின் மகனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. தன் தகப்பன் மன்றாடிய பிறகு கொடுத்த பட்டம், 'பானை சுரண்டிப் பிரபு'.

"விளங்குதோ, அண்ணி?"

அகப்பை நின்றது. அண்ணை பேப்பருக்குள் முகத்தைப் புதைத்தார்.

"நல்ல கதை, தம்பி," என்றார் அண்ணி. "எட்டிப் பாத்த ராசா, அந்த மிச்சம் ஆருக்கெண்டு கேட்டவரோ?"

"கேட்டதாக லாவ் சொல்லேல்லை."

"கேட்டிருக்கலாம். வந்தவை எல்லாரும் திண்டிட்டுப் போவினம். பரிமாறினவன்தான் பட்டினி."

றெமிஜியஸ் அண்ணையைப் பார்த்தான். அவர் மெல்லப் பேப்பரை மடித்தார்.

"எனக்கு அப்ப வேலை நாளிலை மத்தியானச் சாப்பாடு பக்டரியிலைதானடா. வீட்டிலை எனக்கு ஏது பங்கு? தான் தந்தால் நீ ரோசத்திலை தொடமாட்டாய் எண்டு இவதான் என்ரை கையிலை தந்து விடுறவ."

"பத்து வருசமா ஏனண்ணை சொல்லேல்லை?"

"நீ என்னைக் கோயிலிலை அந்தோனியாரைப் பாக்கிற மாதிரிப் பாத்தாய். அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

அண்ணி சிரித்துவிட்டார். றெமிஜியஸுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, தலையை நிமிர்த்தவும் முடியவில்லை.

"சீமோனை நாளைக்கே வரச்சொல்லுங்கோ, அண்ணி."

"என்ன பட்டத்தோடை? பானை சுரண்டியோ?"

"மனேச்சர்."

"அப்ப சரி. கோப்பையை இஞ்சாலை தள்ளும்."

சுரண்டியெடுத்த கடைசிச் சோற்றை அவன் கோப்பையில் போட்டு, மேலே குழம்பும் விட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் அவன் வயிறாறச் சாப்பிட்டான்.

அது நடந்து மூன்றாம் வாரம் அண்ணி நித்திரையிலேயே போய்விட்டார். மகன் அல்பேட்டாவுக்குப் போகவில்லை என்ற நிம்மதியோடு போனார்.

பிறம்ரன் கடையைச் சீமோன்தான் நடத்துகிறான். அண்ணியின் அகப்பை அங்கே இருக்கிறது. அதன் ஒரு ஓரம் தேய்ந்துபோயிருக்கிறது.