அரிசித் தடையை உளறியது யார்?

"பக்கத்து நாடு அரிசி ஏற்றுமதிக்குத் தடை போடப்போகுதுன்னு நேத்து மோப்பம் பிடிச்சது நீ. விஷயம் தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும். விடிஞ்சா ஊர்ல ஒரு கடையிலயும் அரிசி இல்லை! நான் வாயே திறக்கலை. அப்ப யாரு உளறினது?"

"சத்தியமா நான் இல்லை, சார்," என்றாள் அலுவலக ஊழியை.

"அப்ப காத்து வந்து சொல்லிச்சா?" அதிகாரி சீறினார். "இன்னைக்கே உன் சீட்டைக் கிழிக்கிறேன்."

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

மேசைத் தொலைபேசி அலறியது. பழக்கதோஷத்தில் அவளே எடுத்தாள்.

"அவர் வீட்டுக்காரி பேசறேன்மா. நேத்து அவர் வாங்கச் சொன்ன பத்து மூட்டை அரிசியை எங்க அடுக்கறதுன்னு கேளு. எதுக்கு இத்தனைன்னு கடைக்காரர் துருவினாரு. அவர் உணவுத் துறை ஆபீஸ்னு மட்டும்தான் சொன்னேன், அதுக்குள்ள தெருவே கடைக்கு ஓடிடுச்சு."

அவள் ரிசீவரை நீட்டினாள்.

"வீட்லேர்ந்து, சார். மூட்டையை எங்க அடுக்கணுமாம்?"