ஆன்லைனில் வித்யாஸ்ரீ

மாலைதோறும் சாருலதா ஆன்லைனில் ஜியாலஜி பாடம் நடத்துவாள். மாணவர்களில் வித்யாஸ்ரீ மட்டும் கேமராவைத் திறந்ததும் இல்லை, பேசியதும் இல்லை. பெயரைக் கூப்பிட்டால் ‘பிரசன்ட்’ என்று எழுத்தில் பதில் வரும். ஆனால் எல்லாத் தேர்விலும் முதல் மதிப்பெண் அந்தப் பெயருக்குத்தான்.

இவளை எப்படியாவது கல்லூரியில் சேர்த்துவிட வேண்டும் என்று சாருலதா முகவரியைத் தேடிக்கொண்டு செல்லூருக்கே வந்துவிட்டாள்.

கதவைத் திறந்தவர் அப்பா ஹரிராம்.

“வித்யா இருக்காளாண்ணே? நான் அவளோட ஜியாலஜி டீச்சர்.”

ஹரிராம் மெல்லச் சொன்னார்.

“வகுப்புல சேந்த மறுவாரமே காய்ச்சல்ல போயிட்டா டீச்சர். நாலு மாசமாச்சு.”

“அப்ப நேத்து எரிமலைப் பாறை டெஸ்ட் எழுதினது யாரு?”

“நான்தான். தறி ஓட்டுறவன், பத்தாப்புதான் படிச்சிருக்கேன். நீங்க போட்ட வீடியோவ ஆறு தடவ, ஏழு தடவ பாத்துப் படிச்சேன். மார்க்கு கொறஞ்சா லிஸ்ட்லருந்து பேர எடுத்துருவீங்களோன்னு பயம். அவ அம்மாவும் இல்ல. எம்மக பேரச் சொல்லிக் கூப்புட இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. ஏமாத்துனது தப்புதான்.”

சாருலதா கொண்டுவந்த கல்லூரி விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை யானைமலைக்குப் பாறை பாக்கப் போறோம். நீங்களும் வாங்கண்ணே.”

“எந்தப் பேருல வாரது டீச்சர்?”

“உங்க பேருலயே வாங்க. அவ பேர நான் எடுக்க மாட்டேன்.”