கவிழ்க்காத கோப்பை

“திருட்டு! பட்டப்பகல் திருட்டு!”

வக்கீல் கலோயானின் மேசைமீது அந்தப் புத்தகத்தை ஓங்கி அறைந்தார் நாவலாசிரியை ரதோஸ்வேதா.

ரூசே நகரில் அவரை அறியாத வாசகர் இல்லை. பத்துப் பதிப்புக் கண்ட அவருடைய நாவலின் தலைப்பு, ‘உன் கோப்பையைக் கவிழ்க்கவில்லை’. இப்போது அதே தலைப்பு, வேறொருத்தியின் கவிதைத் தொகுப்பின் அட்டையில்!

“யாரும்மா இந்த யோர்தான்கா?”

“ரொட்டிக்கடைக்காரி! மாவு பிசையுற கைக்குக் கவிதை ஒரு கேடா?”

“பொதுவா தலைப்புக்கு மட்டும் தனியா உரிமை கேக்கிறது கஷ்டம்மா. தலைப்பை மாத்தச் சொல்லிப் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்ப்போமே.”

“கடிதமா? கடையில ஒரு பிரதி இருக்கக் கூடாது! நேத்து ஒரு வாசகி போன் பண்ணி, ‘கவிதை உங்களுக்கு ஒத்து வரலம்மா, நாவலோட நிறுத்திக்குங்க’ங்கிறா. என்கிட்ட!”

கலோயான் சிரிப்பை விழுங்கினார்.

“அப்போ வழக்குதான். ஆனா அந்த வரியை முதல்ல உருவாக்கினது நீங்கதான்னு காட்டணும்.”

“அதிலென்ன சந்தேகம்? என் மூளையில உதிச்ச வரி. எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.”

கலோயான் எழுதி நீட்டினார். ரதோஸ்வேதா பேனாவைத் திறந்தார்.

“புத்தகத்தைப் பிரிச்சுப் பார்த்தீங்களாம்மா?”

“அட்டையே போதும். உள்ள இருக்கிற கண்றாவியை வேற படிக்கணுமா?”

கலோயான் பிரித்தார். முதல் பக்கத்தில், வீட்டுக் கதவிலும் தெருமரத்திலும் ஒட்டுகிற மரண அறிவிப்புத் தாள் ஒன்று அப்படியே அச்சாகியிருந்தது. மீசைக்காரர் ஒருவரின் படம். அதன் கீழே மனைவி யோர்தான்காவின் ஒரே வரி: ‘உன் கோப்பையைக் கவிழ்க்கவில்லை, மெதோதி.’

தாளில் இருந்தது, நாவலின் முதல் பதிப்புக்கு ஓராண்டு முந்தைய தேதி.

ரதோஸ்வேதாவின் பேனா அந்தரத்தில் நின்றது. பேருந்து நிறுத்தத்து லிண்டன் மரம் நினைவில் எழுந்தது. அதில் ஒட்டியிருந்த, மழையில் முகம் கரைந்துபோன ஒரு தாள். கரையாமல் நின்ற ஒரு வரி. அவசரமாகக் கைப்பையிலிருந்து எடுத்த குறிப்பேடு.

“வழக்குப் போட்டு என்னை நாறடிக்கப் போறாளா அவ?” ரதோஸ்வேதா பேனாவை மூடினார்.

கலோயான் அடுத்த பக்கத்தைப் புரட்டி அவர் பக்கம் திருப்பினார்.

‘சமர்ப்பணம்: மரத்தடியில் நின்று என் மெதோதியைப் படித்த, அவரை ஊரே மறக்காதபடி செய்த ரதோஸ்வேதா அம்மாவுக்கு.’