சிங்கத்தின் சட்டை

மொட்டை மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டை, பக்கத்து வீட்டுத் தலையணை உறையைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தது.

"உன்மேல இருக்கிற ரோஜாப்பூவை உங்க வீட்டு ஐயாவா தைச்சார்?"

"ஆமா. ஆபீஸ் விட்டு வந்ததும் ஊசியும் நூலுமா உட்கார்ந்துடுவார்."

"தூ! இதெல்லாம் ஒரு ஆம்பளை செய்யிற வேலையா? எங்க ஐயா பட்டன் அறுந்து விழுந்தாலும் ஊசியைத் தொடமாட்டார். அவரு சிங்கம்!"

"அப்ப பட்டன் அறுந்தா என்ன பண்ணுவார்?"

சட்டை வானத்தைப் பார்த்தது. அதன் வயிற்றுப் பக்கம், பட்டன் இருந்த இடத்தில் குத்தியிருந்த ஊக்குதான் பதில் சொன்னது.

"வீட்டம்மா தாலிக்கொடியில கோத்து வச்சிருந்த என்னைக் கேட்டு வாங்கி மாட்டிக்கிட்டார். அன்னைக்கிலிருந்து சிங்கத்தோட தொப்பையை நான்தான் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."