ஆடிவீரன்

"இன்னா டீச்சர் இது? எம்பொண்ணுக்கு வில்லன் வேஷமா?"

ஆண்டு விழா தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. மேடைக்குப் பின்னால் வந்து நின்ற செந்தமிழ்ச்செல்வியின் குரலில், பவுடர் பூசிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மணிமொழி டீச்சர் எழுந்து வந்தார். "இசைவாணியேதாங்க அந்த வேஷத்தக் கேட்டு வாங்கினா."

"ஏழாவது படிக்கிற புள்ள, அது கேக்கும். மொதல்ல அவளுக்குத்தான ஹீரோ வேஷம் குடுத்தீங்க? எங்க நாத்தனாரு மணலூர்பேட்டையிலேர்ந்து பஸ் ஏறி வந்து மொத வரிசையில உக்காந்துகினு இருக்காங்க. இங்க வந்து பார்த்தா, கல்வராயன் மலையிலேர்ந்து வந்து ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிற பையன் ஹீரோ. எம்பொண்ணு அவனுக்கு எடுபிடி!"

"எடுபிடி இல்லம்மா, எதிரி!" என்றபடி கறுப்பு உடையில் குதித்து வந்தாள் இசைவாணி. "ஆடிவீரன்!"

"அது யாருடி ஆடிவீரன்? கேள்விப்பட்டதே இல்ல."

யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த படக்கதைப் புத்தகத்தில், ஒரே ஒரு கதையில் வந்து காணாமல் போன வில்லன் அவன். ஆடி என்றால் கண்ணாடி. கதாநாயகன் இடிவீரன் என்ன செய்தாலும், எதிரில் நின்று அதையே செய்வான். அதனால் அவனை ஜெயிக்கவே முடியாது.

"அவனப் பார்த்துக் காப்பி அடிக்கிறதுதான் உன் வேலையா? இதுக்கா ஒரு மாசமா வூட்டுல குதிச்சுக்கினு இருந்த?"

"இதுதாம்மா கஷ்டமான வேஷம்" என்று சிரித்துவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள் மகள்.

வசனமே இல்லாத நாடகம். மேளமும் கீபோர்டும் மட்டும்தான்.

மேளம் அதிர்ந்தது. சிவப்பு உடையில் இடிவீரன் வலது கையைத் தூக்கினான். எதிரில் ஆடிவீரன் இடது கையைத் தூக்கினான். அவன் குதித்தால் இவன் குதித்தான். அவன் தும்மினால் இவனும் தும்மினான். மேளம் சட்டென்று நின்றால், இரண்டு பேரும் ஒற்றைக் காலில் அப்படியே சிலையானார்கள்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கடைசியில் அடிக்க வந்த இடிவீரன், என்ன நினைத்தானோ, கையெடுத்துக் கும்பிட்டான். வேறு வழியில்லாமல் ஆடிவீரனும் கும்பிட்டான். சண்டை அதோடு முடிந்தது. விசில் பறந்தது.

"அந்த செவப்பு டிரெஸ் பையன் பிச்சு ஒதறிட்டான்" என்றார் பின்வரிசையில் ஒருவர். "கறுப்பு டிரெஸ்ஸுக்குச் சொந்தமா ஒண்ணும் வராது போல. அவன் மூஞ்சையே பார்த்துக்கினு நின்னுச்சு."

முன்வரிசையில் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செந்தமிழ்ச்செல்விக்குக் காது மடல் சூடானது. நாத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிறந்த நடிகருக்கான கோப்பை இடிவீரனுக்கே போனது. ஆடிவீரன் மேடை ஓரத்தில் நின்று எல்லாரையும்விட பலமாகக் கை தட்டினான்.

விழா முடிந்ததும் செந்தமிழ்ச்செல்வி நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு, இடிவீரனாக ஆடிய பையன் பழனியைத் தேடிப் போனாள். தண்ணீர்த் தொட்டி அருகே முதுகைக் காட்டிக்கொண்டு, கோப்பையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, எம்பொண்ணோட ஒரு போட்டோ எடுத்துக்கலாம், வா."

அவன் திரும்பவில்லை.

"ஏம்ப்பா, உன்னத்தான்!"

ம்ஹும்.

"பார்த்தீங்களா அண்ணி? கப்பு கைக்கு வந்ததும் எம்மாந் திமிரு! பெரியவங்க கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கறான்."

வெள்ளிமலையிலிருந்து காலை பஸ்சில் இறங்கி வந்திருந்த அவன் அம்மா பெரியம்மாள், பதறிக்கொண்டு ஓடி வந்தாள். மகனின் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டு, செந்தமிழ்ச்செல்வியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, பொறந்ததுலேர்ந்தே அவனுக்குக் காது கேக்காதுங்க. மேளம் எப்ப அடிக்குது, எப்ப நிக்குதுன்னு ஒங்க பொண்ணு ஆடி ஆடிக் காட்ட, அதப் பார்த்துத்தாங்க எம்புள்ள அம்புட்டும் ஆடுனான்!"