ஜெர்மனி பாட்டில்

சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டினார் வீட்டுக்காரர்.

நோயாளி யாரும் இல்லை. கூடத்தில் இருந்தது கடல்தண்ணீர்த் தொட்டி. உள்ளே பவளங்கள்.

மேல்மாடியிலிருந்து பார்க்க வந்த தம்பதி, தீபாராதனைக்கு நிற்பதுபோல் நின்றார்கள்.

“தண்ணியில காரத்தன்மை கொஞ்சம் இறங்கினாலும் போச்சு சார். இந்த ஜெர்மனி மருந்துதான் தாங்கிப் பிடிக்குது.”

வீட்டுக்காரரின் மனைவி சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன வாரம் தொட்டியின் மேல்தட்டைத் துடைத்தபோது பாட்டில் கை தவறியது. மருந்து முழுக்கத் தரையில்.

பதற்றத்தில் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

ஆப்ப சோடா மாதிரி இருந்தது.

வேறு வழி தெரியவில்லை. சோடாவைத் தண்ணீரில் கரைத்தாள். பாட்டிலை நிரப்பினாள். மூடினாள்.

அன்றிலிருந்து தினமும் பால் காய்ச்சுவதற்கு முன் தொட்டியைப் போய்ப் பார்ப்பாள். ஊதாப் பவளத்துக்கு அவர் தன் அம்மா பெயரை வைத்திருந்தார். கோகிலாம்பாள்.

மாமியாரை இரண்டாம் முறை சாகவிட முடியாது.

இப்போது காரத்தன்மைச் சோதனை. தொட்டித் தண்ணீர் எடுத்த சின்னக் குப்பியில் சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டார். நீலம் மஞ்சளானது.

“எட்டரை! போன மாசமும் எட்டரை. ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்!”

மேல்மாடிக்காரர் கைதட்டியே விட்டார்.

அவள் சுவரில் சாய்ந்தாள். ஒரு வாரத்து மூச்சு வெளியே வந்தது. கண்ணாடிக்குள் கோகிலாம்பாள் கைகளை விரித்து ஆடிக்கொண்டிருந்தார்.

தரையில் தண்ணீர் சிந்தியிருந்தது. துணி எடுக்கத் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்தாள்.

அங்கே யாரும் கை வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். நிம்மதியில் மறந்துவிட்டாள்.

துணிக்குப் பின்னால் ஒரு பெரிய பொட்டலம். வாயில் ரப்பர் பேண்டு.

ஆப்ப சோடா.

அதற்குள், தீபாவளிக்கு முன்பே காணாமல் போன அவளுடைய கரண்டி.

“இந்த மருந்து நம்ம ஊர்ல கிடைக்குமா சார்?” என்றார் மேல்மாடிக்காரர்.

சிரிஞ்சு வீட்டுக்காரர் கையிலேயே நின்றது. கண் மனைவியின் கைமேல் இருந்தது.

அவள் கரண்டியை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். கதவை முழங்காலால் சாத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“இங்க எங்கங்க கிடைக்குது? எல்லாம் ஜெர்மனியிலேர்ந்துதான் வரணும்.”